ஒரு பூட்டனார், நான்கு குடும்பப் பெயர்கள்: டென்மார்க் வாழ் ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றின் பெயர்ப் பதிவு

இந்த ஆய்வு எதைப் பற்றியது

டென்மார்க்கின் மத்திய யூலாந்துப் பகுதியில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றில் 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கு எந்தக் குடும்பப் பெயரை வைப்பது என்ற கேள்வி, அக்குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர்களையும் மேசைக்குக் கொண்டுவந்தது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்த்தும் விண்ணப்பங்களை நிரப்பியும் கொடுப்பவன் என்ற முறையில் நான் இதில் பங்குகொண்டேன். குடும்பத்தாரின் இசைவுடன் இதை எழுதுகிறேன்.

யாருடைய பெயரையும் இங்கே தரவில்லை. ஆனால் பெயர்கள் எவ்வளவு பரவலானவை என்பதே பேசுபொருள் என்பதால், அவற்றின் இறுதிப் பகுதியை மட்டும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலேயே வாழ்ந்து மறைந்த பூட்டனாரின் பெயர் செல்லையா, சின்னையா, பொன்னையா என்னும் வரிசையைச் சேர்ந்தது. அதை 'ஐயா' பெயர் என்கிறேன். அவருடைய மூத்த மகனின் பெயர் 'ராசா' என்று முடிவது. இளைய மகனின் பெயர் 'குமார்' என்று முடிவது. இனி இவர்களை மூத்தவர், இளையவர் என்றே குறிப்பிடுகிறேன். பிறந்த குழந்தை மூத்தவரின் பேரன்.

பின்னணி: தமிழ்ப் பெயர் வழக்கும் டேனிஷ் பெயர் வழக்கும்

யாழ்ப்பாண வழக்கில் ஒருவர் தம் தந்தையின் பெயரை முன்னால் வைத்து, தம் பெயரைப் பின்னால் எழுதுவார். பெண் திருமணத்தின் பின் தந்தையின் பெயரை விட்டுக் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொள்வார். பிள்ளைகளுக்குத் தந்தையின் பெயர் சேரும். ஆகவே, மேலைநாட்டுப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் நாம் எழுதுவது ஒரு தலைமுறைக்கு மட்டுமே உரியது. அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் எத்தனை பேருக்கு இருக்கும் என்பது, முந்திய தலைமுறையில் எத்தனை ஆண்களுக்கு அந்தப் பெயர் இடப்பட்டது, அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள் என்ற இரண்டையும் பொறுத்தது. 'ஐயா', 'பிள்ளை', 'தம்பி' என்று முடியும் பெயர்கள் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் நிறைந்திருந்தன. அடுத்து 'ராசா', 'நாதன்', 'லிங்கம்', 'ரத்தினம்' வந்தன. அவற்றின் பின் 'குமார்', 'கரன்', 'ரூபன்' வந்தன. ஊரில் பிள்ளைக்குப் பெயரிடும் விருப்பம் மாறினால், முப்பது ஆண்டுகளில் குடும்பப் பெயர்ப் பட்டியலும் தானாக மாறிவிடும்.

டென்மார்க்கின் கிராமங்களும் இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தன. நீல்ஸ் என்பவரின் மகன் நீல்சன். யென்ஸ் என்பவரின் மகன் யென்சன். அந்த நீல்சனுக்கு ஹான்ஸ் என்று பெயர் இருந்தால் அவருடைய பிள்ளைகள் ஹான்சன் ஆவார்கள். பிரபுக் குலத்தவர் 1526இலேயே நிலையான குடும்பப் பெயர் எடுக்க வேண்டும் என்று ஆணை வந்திருந்தாலும், உழவர் வீடுகளில் தந்தை பெயர் வழக்கே நீடித்தது. 1828ஆம் ஆண்டின் ஞானஸ்நான ஆணை, குழந்தைக்குக் குடும்பப் பெயரையும் சேர்த்தே பெயரிட வேண்டும் என்றது. அந்த ஆணையைத் தேவாலயப் பங்குக் குருமார் ஊருக்கு ஒரு விதமாகப் புரிந்துகொண்டதால் பல பத்தாண்டுகள் குழப்பம் நிலவி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பெயர்கள் நிலைபெற்றன. அப்படி உறைந்தபோது எந்த ஆண் பெயர்கள் பரவலாக இருந்தனவோ அவையே இன்றும் பட்டியலின் உச்சியில் இருக்கின்றன. நீல்சன், யென்சன், ஹான்சன் ஆகிய மூன்றும் முதல் மூன்று இடங்களைப் பிடித்திருக்கின்றன. சுமார் 60 லட்சம் பேர் வாழும் நாட்டில் இம்மூன்றில் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 2 லட்சம் பேர் தாங்குகிறார்கள். பட்டியலில் 'சன்' என்று முடியாத பெயரைக் காண, மொல்லர் என்ற பெயர் வரும் வரை வெகுதூரம் கீழே இறங்க வேண்டும்.

இந்த நெருக்கடி அன்றாட வாழ்க்கையிலும் தெரிகிறது. 1993 முதல் 2011 வரை அடுத்தடுத்து பிரதமரான மூவரின் குடும்பப் பெயரும் ராஸ்முசன். மூவரும் உறவினர் அல்லர். அதனால் மக்கள் அவர்களை நடுப்பெயரால் நூரூப், ஃபோக், லொக்கெ என்றே பிரித்தறிந்தார்கள். பொதுவான பெயரிலிருந்து விலக விரும்பியவர்களுக்கு 1904ஆம் ஆண்டின் சட்டமும் அதன் பின் வந்த சட்டங்களும் வழிவிட்டன. 2006 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இன்றைய பெயர்ச் சட்டமோ ஒரு பெயரின் பரவலையே அளவுகோலாகக் கொள்கிறது. நாட்டில் 2000 பேருக்கு மேல் தாங்கும் குடும்பப் பெயரை எவரும் எடுத்துக்கொள்ளலாம். 2000 அல்லது அதற்குக் குறைவானோர் தாங்கும் பெயர் பாதுகாக்கப்பட்டது. பெற்றோர், பாட்டன் பாட்டி முதலிய முன்னோர் வழியாகவோ திருமணம் வழியாகவோ உரிமை இல்லாதவர் அதை எடுக்க வேண்டுமானால், அதைத் தாங்கும் எல்லோரும் இசைவு தர வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் நம் நிகழ்வின் திருப்புமுனை.

பதிவுகள் பிரிந்த விதம் (1986–1999)

மூத்தவர் 1986இல் தனியாக டென்மார்க் வந்தார். கையில் கடவுச்சீட்டு இல்லை. பெயர் கேட்கப்பட்டபோது, ஊரில் பள்ளிக்கூடத்திலும் தபால் கந்தோரிலும் சொல்வதைப் போலவே தந்தை பெயரை முதலிலும் தன் பெயரைப் பின்னும் சொன்னார். சொன்ன வரிசையிலேயே எழுதப்பட்டது. அதனால் டேனிஷ் பதிவில் 'ஐயா' பெயர் அவருடைய முதற்பெயராகவும், அவருடைய சொந்தப் பெயரான 'ராசா' பெயர் குடும்பப் பெயராகவும் அமைந்தன. ஜவுளித் தொழிற்சாலையில் அவர் வேலை செய்த காலம் முழுவதும் உடன் வேலை செய்தோர் அவரை அவருடைய தகப்பனாரின் பெயரைச் சொல்லியே அழைத்தார்கள்.

அவருடைய மனைவியும் கைக்குழந்தையாக இருந்த மூத்த மகளும் ஊரில் இருந்தனர். குடும்ப இணைவுக்கு 1987இல் விண்ணப்பித்தார். அதே காலத்தில்தான், அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை நிறுத்திவைக்கச் செய்திருந்தார். பின்னாளில் 'தமிழர் வழக்கு' எனப் பெயர் பெற்று, 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகக் காரணமாகி, 1995இல் அமைச்சருக்கு எதிரான தீர்ப்பில் முடிந்த விவகாரம் அது. இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை அது மூன்று ஆண்டுப் பிரிவு. பெயர் விஷயத்திலும் அந்தத் தாமதம் ஒரு தடயத்தை விட்டுச் சென்றது. முதலில் அனுப்பிய ஆவணங்கள் காலாவதியானதால் மகளின் பிறப்புச் சான்றிதழை வேறொருவரைக் கொண்டு மறுபடி மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அந்த மொழிபெயர்ப்பில் 'ராசா' பெயர் 'ஸ' ஒலிக்குரிய ரோமன் எழுத்தில் எழுதப்பட்டது. தந்தையின் பதிவிலோ அது 'ஜ' ஒலிக்குரிய எழுத்தும் இறுதியில் ஒரு 'ஹ' எழுத்தும் சேர்ந்து இருந்தது. 1990இல் தாயும் மகளும் வந்தபோது தாயின் பெயர் கணவரின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. மகளின் பெயர் பொருந்தவில்லை. தமிழில் ஒரே பெயர். பதிவேட்டில் இரண்டு பெயர்கள்.

இளையவர் 1989இல் கடவுச்சீட்டோடு வந்தார். இலங்கைக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்குத் தனி இடம் உண்டு என்பதால், அவருக்குத் தந்தையின் 'ஐயா' பெயர் குடும்பப் பெயராகவும் 'குமார்' பெயர் முதற்பெயராகவும் சரியாகப் பதிவாகின. ஆனால் 1994இல் வந்த அவருடைய மனைவிக்கு வழக்கப்படி கணவரின் 'குமார்' பெயரே குடும்பப் பெயர். கணவனும் மனைவியும் ஏன் வெவ்வேறு குடும்பப் பெயர் வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் பல அலுவலகங்களில் விளக்கம் சொல்ல நேர்ந்தது. 1996இல் பிறந்த மகனுக்குத் தமிழ் வழக்கப்படி தந்தையின் 'குமார்' பெயரே வேண்டும் என்று விரும்பினார்கள். அது தாயின் குடும்பப் பெயராகவும் இருந்ததால் தடையின்றிக் கிடைத்தது. 1999இல் மகள் பிறந்தபோது, இந்நாட்டு வழக்கப்படி தந்தையின் குடும்பப் பெயரையே கொடுப்போம் என்று முடிவு செய்து 'ஐயா' பெயரைக் கொடுத்தார்கள். உடன்பிறந்த இருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள்.

கண்டறிந்தவை (2021–2022)

குழந்தை பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், அதன் தந்தை, அதாவது மூத்தவரின் மகன், என்னிடம் வந்தார். சித்தப்பாவின் பிள்ளைகளும் தானும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக வளர்ந்தும் பெயரளவில் அந்நியர்களாக இருப்பது அவருக்கு உறுத்தலாக இருந்தது. பூட்டனாரின் 'ஐயா' பெயரைப் பிள்ளைக்குக் குடும்பப் பெயராக வைக்க முடியுமா என்பதே அவருடைய கேள்வி.

முதலில் ஒரு பெரிய தாளில் வம்ச அட்டவணை வரைந்தோம். டென்மார்க்கில் இருந்த பத்துப் பேரையும் அவரவர் அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதினோம். 'ஹ' எழுத்தோடு கூடிய 'ராசா' பெயர் நான்கு பேருக்கு: மூத்தவர், அவர் மனைவி, மகன், இளைய மகள். 'ஹ' இல்லாத வடிவம் மூத்த மகளுக்கு மட்டும். 'ஐயா' பெயர் இளையவருக்கும் அவர் மகளுக்கும். 'குமார்' பெயர் இளையவரின் மனைவிக்கும் மகனுக்கும். பத்தாவது ஆள் குழந்தையின் தாய். அவர் டேனிஷ்காரர், அவருடைய பெயர் நீல்சன். ஒரு பூட்டனார் வழி வந்தோரும் அவர் வீட்டுக்கு மருமக்களாக வந்த தமிழ்ப் பெண்களுமாக ஒன்பது பேருக்குச் சட்டத்தின் பார்வையில் நான்கு குடும்பப் பெயர்கள்.

அட்டவணையைப் பார்த்தபோது இன்னொன்றும் தெளிவானது. யாழ்ப்பாணத்தில் பூட்டனாரின் தலைமுறையில் மிகப் பரவலாக இருந்த 'ஐயா' பெயர் எங்கள் தாளில் இரண்டே பேரிடம் குடும்பப் பெயராக நின்றது. எந்தக் குழந்தைக்கும் இன்று அப்படி ஒரு பெயரை யாரும் வைப்பதில்லை. அவர் மகனின் தலைமுறைக்குரிய 'ராசா' பெயரோ ஐந்து பேரிடம் இருந்தது. இதற்கு யாரும் திட்டமிடவில்லை. 1986இல் வாய்மொழியாகச் சொன்ன வரிசையும் 1989இல் கடவுச்சீட்டில் இருந்த கட்டமும்தான் எந்தத் தலைமுறையின் பெயர் உறைய வேண்டும் என்பதைத் தீர்மானித்தன. புலம்பெயர் நாடுகளின் பட்டியல்களில் நம்மவர் குடும்பப் பெயர்களாக 'நாதன்', 'லிங்கம்', 'ராசா', 'குமார்', 'கரன்' ஆகியவை மிகுந்து காணப்படுவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்: வந்து இறங்கியவர்களின் சொந்தப் பெயர்கள் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகி, அதோடு நின்றுவிட்டன.

இந்தக் கட்டத்தில் எதிர்பாராத உதவி குழந்தையின் டேனிஷ் தாத்தாவிடமிருந்து கிடைத்தது. ஓய்வுபெற்ற ஆசிரியரான அவர் தன் முன்னோர் பற்றிய பழைய பங்குப் பதிவேடுகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய வழியில் தேடி அச்செடுத்து வைத்திருந்தார். கோதிக் கையெழுத்தில், பழுப்பேறிய பக்கத்தின் படம். நீல்ஸ் யென்சன் என்ற உழவரின் பிள்ளைகள் அதில் வரிசையாக இருந்தார்கள். மூத்த மூவரும் 'நீல்சன்': நீல்ஸின் பிள்ளைகள். பின்னர் பிறந்த இருவரும் 'யென்சன்': தந்தையின் குடும்பப் பெயரையே கொள்ள வேண்டும் என்று அந்தப் பங்கில் விதி இறுகிய பின் பதிவானவர்கள். அவருடைய குடும்பம் அந்த மூத்த மூவரில் ஒருவரின் வழி வந்ததால் நீல்சன் ஆனது. பின்னர் பிறந்த இருவரில் ஒருவரின் வழி வந்திருந்தால் யென்சன் ஆகியிருக்கும். எங்கள் தாளில் இளையவரின் மகனும் மகளும் இருந்த இடத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

பெயர் அழியுமா என்ற கேள்வி

'ஐயா' பெயர் இரண்டு பேரோடு நிற்கிறது என்று கண்டதும், அது அழிந்துபோகுமா என்று மூத்தவர் கேட்டார். குழந்தையின் தந்தை பொறியியல் படித்தவர் என்பதால் இதைக் கணக்காகவே பேச முடிந்தது. குடும்பப் பெயர்கள் ஏன் அற்றுப்போகின்றன என்ற கேள்வியை 1873இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன் எழுப்ப, ஹென்றி வாட்சன் என்னும் பாதிரியார் அதைக் கணித வடிவாக்கினார். இருவரும் சேர்ந்து 1874இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எல்லாப் பெயர்களும் இறுதியில் அழிந்தே தீரும் என்று வாட்சன் எட்டிய முடிவு பிழையானது. இதே கேள்வியை 1929இல் மறுபடி எழுப்பியவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்லாங். அந்த ஆண்டிலேயே அவர் மணமாகாமலும் பிள்ளையின்றியும் இறந்தார். அடுத்த ஆண்டு இன்னொரு டேனிஷ்காரரான ஸ்டெஃபென்சன் முழுத் தீர்வைத் தந்தார்.

தீர்வின் சாரம் இதுதான். பெயரைத் தாங்கும் ஒருவர் சராசரியாக ஒரு பிள்ளைக்கோ அதற்குக் குறைவாகவோ அதைக் கடத்தினால், காலம் செல்லச் செல்ல அந்தப் பெயர் அழிவது உறுதி. சராசரி ஒன்றுக்கு மேல் இருந்தாலும் அழியும் வாய்ப்பு முற்றிலும் நீங்காது. தொடக்கத்தில் தாங்குவோர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து அது பெருகும் அல்லது சுருங்கும். ஒருவரின் வழி அற்றுப்போகும் வாய்ப்பு பாதி என்றால் இருவரின் வழியும் சேர்ந்து அற்றுப்போகும் வாய்ப்பு கால். பத்துப் பேர் இருந்தால் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. நீல்சனுக்கு அண்மைக்காலத்தில் அத்தகைய ஆபத்து இல்லை. இரண்டு பேரிடம் உள்ள பெயருக்கு உண்டு.

இந்தக் கணக்கில் அடங்காத ஒன்றையும் நான் குடும்பத்தாரிடம் சொன்னேன். நீல்சன், யென்சன் என்ற பெயர்களைத் தாங்குவோர் தொகை, நாட்டின் மக்கள்தொகை கூடியும், ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. அவர்கள் பிள்ளை பெறாததால் மட்டும் அது நடக்கவில்லை. திருமணத்தின்போதும் பிள்ளைக்குப் பெயரிடும்போதும், இருவரில் அரிதான பெயர் உள்ளவரின் பெயரே பெரும்பாலும் வைத்துக்கொள்ளப்படுகிறது; பரவலான பெயர் எளிதாக விடப்படுகிறது. டேனிஷ் தாத்தா இதைக் கேட்டு, "எங்கள் பெயரைப் பிள்ளைக்கு வைக்காவிட்டால் எனக்கு வருத்தமில்லை, அதைத் தாங்க இரண்டு லட்சம் பேர் இருக்கிறார்கள்" என்றார். அவர் மகளும், தன் வகுப்பில் ஐந்து நீல்சன்கள் இருந்ததை நினைவுபடுத்தி, பிள்ளைக்கு அது வேண்டாம் என்றார். பரவலான பெயர் எப்படிக் குறைகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் கண்டதில்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

டென்மார்க்கில் குழந்தை பிறந்து 6 மாதங்களுக்குள் பெயர் பதிய வேண்டும். தவறினால் தாயின் குடும்பப் பெயரே பதிவாகிவிடும். முப்பத்தோராம் நாள் சடங்கில் கூப்பிடும் பெயரைச் சூட்டிவிட்டார்கள். குடும்பப் பெயர் மட்டும் முடிவாகாமல் நின்றது.

முதல் வழி, 'ஐயா' பெயரைக் குடும்பப் பெயராகக் கோருவது. ஆனால் குழந்தையின் தந்தையோ பாட்டனாரோ அதைக் குடும்பப் பெயராகத் தாங்கியதில்லை. பாட்டனாரின் பதிவில் அது முதற்பெயர். பாட்டனாரின் தம்பி தாங்குகிறார் என்றால், அவர் நேரடி முன்னோர் அல்லர். ஆகவே சொந்தப் பூட்டனாரின் பெயருக்கே பிறரிடம் இசைவு பெற வேண்டிய நிலை. டென்மார்க் புள்ளிவிவர நிறுவனத்தின் பெயர்த் தேடலில் பார்த்தபோது, அந்த எழுத்துக்கூட்டலில் நாட்டில் ஏழு பேர் இருந்தார்கள். இருவரை நமக்குத் தெரியும். மற்ற ஐவரும் கோபன்ஹேகன் அமைந்துள்ள சீலாந்துத் தீவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் என்று கோயில் வழிப் பழக்கத்தில் விசாரித்து அறிந்தோம். வன்னியைச் சேர்ந்தவர்கள், உறவில்லை. ஊரில் ஆயிரக்கணக்கானோர் தாங்கிய பெயர் இங்கே இரண்டு குடும்பங்களின் பாதுகாக்கப்பட்ட உடைமையாகிவிட்டிருந்தது.

இரண்டாவது வழி, மூத்தவர் தன் பதிவையே திருத்தி, 'ஐயா' பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொள்வது. இலங்கைப் பிறப்புச் சான்றிதழை ஆதாரமாகக் காட்டி முயன்றிருக்கலாம் என்பது என் கருத்து. அவர் மறுத்தார். வீட்டு உறுதி, ஓய்வூதியம், குடியுரிமைப் பத்திரம் எல்லாம் இந்தப் பெயரில் இருப்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவர் மகனைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இங்க எல்லாரும் என்னை அப்பான்ர பேரைச் சொல்லித்தானே கூப்பிடுகினம். முப்பது வருசமா அந்தப் பேர் என்ர காதில விழுது. அதை மாத்த நான் விடமாட்டன்." பதிவில் நேர்ந்த தலைகீழ் வரிசை அவருக்கு அதற்குள் தன் தகப்பனாரின் நினைவாகியிருந்தது. அதன் பின் யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

மூன்றாவது வழி, தந்தையின் பெயரோடு 'மகன்' என்று பொருள்படும் விகுதியைச் சேர்த்துப் பெயர் ஆக்குவது. இதற்கு டேனிஷ் சட்டம் இன்றும் இடம் தருகிறது. வடிவில் நம் வழக்கத்துக்கு மிக அருகிலும் வருகிறது. தமிழ்ப் பெயரோடு அந்த விகுதி ஒட்டவில்லை என்று குடும்பத்தார் உடனே விட்டுவிட்டார்கள்.

ஆகவே இசைவு கேட்பது என்று முடிவாயிற்று. இளையவரும் அவர் மகளும் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டார்கள். சீலாந்துக் குடும்பத்தின் பெரியவருக்கு நாங்கள் கடிதம் எழுதினோம். அவர் தொலைபேசியில் நீண்ட நேரம் ஊர்க்கதை பேசினார். தானும் மனைவியும் இரு பிள்ளைகளும் இசைவதாகத் தெரிவித்தார். வயது வந்த மூன்றாவது பிள்ளை மட்டும் இசையவில்லை. பள்ளியிலும் வேலையிடத்திலும் இந்தப் பெயர் கொண்டவர் தான் ஒருவர் மட்டுமே என்பதும், அதைக் கேட்டதும் இன்னாருடைய வீடு என்று தெரிந்துவிடுவதும் தனக்கு முக்கியம் என்று மரியாதையாக எழுதியிருந்தார். ஏழில் ஆறு இசைவு சட்டத்துக்குப் போதாது. அவருடைய மறுப்பை நான் முழுமையாக மதிக்கிறேன். பரவலான பெயரை டேனிஷ் தாத்தா எளிதாக விட்டுக்கொடுத்த அதே காரணத்தின் மறுபக்கமே அவருடைய பிடிப்பு.

விளைவு

ஐந்தாவது மாதத்தில் குடும்பத்தார் வேறொரு வழியைத் தேர்ந்தார்கள். டேனிஷ் பதிவில் பாட்டனாரின் முதற்பெயர் 'ஐயா' பெயர் என்பதால், அதையே குழந்தைக்கு இரண்டாவது முதற்பெயராக வைக்கலாம் என்று தாய் முன்மொழிந்தார். அங்கீகரிக்கப்பட்ட ஆண் பெயர்ப் பட்டியலில் அது இல்லை. தனி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. குழந்தையின் பாட்டனார் அதை ஆண் பெயராகவே தாங்குகிறார் என்பதையும், யாழ்ப்பாணத்தில் அது ஆண்களுக்கு மட்டுமே இடப்படும் பெயர் என்பதையும் விளக்கி விண்ணப்பித்தோம். அனுமதி கிடைத்தது. குழந்தையின் முழுப்பெயர் இப்போது மூன்று பகுதிகள் கொண்டது: இக்காலத்துக்குரிய இரண்டெழுத்துப் பெயர், அதன் பின் பூட்டனாரின் 'ஐயா' பெயர், இறுதியில் 'ஹ' எழுத்தோடு கூடிய 'ராசா' பெயர்.

ஒற்றுமையான குடும்பப் பெயர் என்ற முதல் நோக்கம் நிறைவேறவில்லை. சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தக் குழந்தைக்கும் பதிவேட்டில் இன்றும் தொடர்பு தெரியாது. ஆனால் ஊரில் புதிதாக யாரும் இடாத ஒரு பெயர், இங்கே ஒரு குழந்தையின் முதற்பெயராக மீண்டும் பதிவாகியுள்ளது.

இதன் தொடர்ச்சியாக இரண்டு மாற்றங்கள் நடந்தன. எழுத்துக்கூட்டல் வேறுபட்டிருந்த மூத்த மகள், தந்தை தாங்கும் வடிவத்தைத் தனக்கும் கோரி மாற்றிக்கொண்டார். அது நேரடி முன்னோர் வழி வருவதால் சிக்கல் இருக்கவில்லை. இதனால் அந்தக் குடும்பத்தில் ஒரு பெயர் குறைந்து, 'ராசா' பெயர் ஒரே வடிவத்தில் ஆறு பேரிடம் நிற்கிறது. இளையவரின் மகள் 2023இல் மணமுடித்தபோது தன் 'ஐயா' பெயரை விடாமல் வைத்துக்கொண்டார். மணமகனும் தமிழர், ஊர் வழக்கப்படி கணவரின் பெயரைச் சேர்ப்பது பற்றிய பேச்சு வந்தபோது, இந்தப் பெயரைத் தாங்குவோர் எத்தனை பேர் என்று தனக்குத் தெரியும் என்று அவர் பதில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

குடும்பப் பெயர் பற்றிய பேச்சைக் குழந்தை பிறந்த பின் தொடங்கினால் 6 மாதம் போதாது. இசைவுக் கடிதங்களுக்கு மட்டும் இந்த நிகழ்வில் மூன்று மாதங்களுக்கு மேல் சென்றது. இப்போது என்னிடம் வரும் இளம் தம்பதியரிடம், திருமணப் பதிவின்போதே மூன்று தலைமுறைப் பெயர்களை அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலோடு எழுதி வைக்கச் சொல்கிறேன். யாருக்கு எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்ற வேறுபாடே பின்னால் உரிமையைத் தீர்மானிக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மொழிபெயர்ப்பாளர்களும் கவனிக்க வேண்டியது உண்டு. பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கும்போது, தந்தையின் பெயர் அந்நாட்டுப் பதிவில் ஏற்கெனவே எப்படி எழுதப்பட்டுள்ளது என்று கேட்டறிந்து அதே வடிவத்தை இட வேண்டும். ஒலிக்கு மிகச் சரியான எழுத்துக்கூட்டலைவிட, குடும்பத்தில் முன்பே பதிவான எழுத்துக்கூட்டலே இங்கே பயனுள்ளது.

முதல் தலைமுறையினர் உயிரோடு இருக்கும்போதே அவர்களுடைய பதிவு வரிசை சரியா, திருத்த விரும்புகிறார்களா என்று கேட்டுவிடுவது நல்லது. மூத்தவரைப் போல மறுப்பவர்களும் இருப்பார்கள். அது அவர்களுடைய உரிமை. விரும்புபவர் இருந்தால், அந்த ஒரு திருத்தமே பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் முன்னோர் வழி உரிமையைத் திறந்துவிடும். 'ஐயா' பெயர் வரிசையில் தந்தை பெயரை முதற்பெயராகக் கொண்ட மேலும் சிலர் மத்திய யூலாந்தில் இருக்கிறார்கள். அவர்களில் இருவருடைய பத்திரங்களை இப்போது தயாரித்து வருகிறோம்.